கோட்டை மதிலில் காய்ந்த தீர்க்கதரிசனம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வியாதியால்தான் பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டை ஒரு நாள் முழுக்க மீன் நாற்றம் அடித்தது.

அப்போது எனக்கு இருபது வயது. கோட்டைப் பாதிரியாருக்குத் தமிழ் வராது. அவர் பறங்கி பாஷையில் பிரசங்கிப்பதைத் தமிழில் சொல்ல ஆள் தேடினார். அந்த வேலை கிடைத்தால்தான் தன் மகள் மங்காவைத் தருவேன் என்று மீனவக் குப்பத்துப் பெரியவர் தேசப்பன் சொல்லியிருந்தார். (மங்கா சிரித்தால் எனக்குத் தமிழே மறந்துவிடும், பறங்கி பாஷை எங்கே நிற்கும்!)

ஞாயிற்றுக்கிழமை கரையில், குப்பத்து ஜனங்கள் முன்னால் எனக்குப் பரீட்சை. பாதிரியார் வேதத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்தார். தீரு என்று ஒரு துறைமுகம். கப்பலும் சரக்கும் கர்வமுமாக இருந்த ஊர். கடவுள் அதைச் சபிக்கிறார்: மதில் இடியும், ஊர் வெறும் பாறையாகும், அதன்மேல் வலை விரிப்பார்கள்.

தீரு எங்கே இருக்கிறது, யார் கண்டது? ஆனாலும் பழைய வேதத்தை இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டாமா? கையை நீட்டிக் காட்டினேன்.

"தீருன்னா இன்னா? இதோ, நம்ம கோட்டை மாதிரி. அதும்மேல நீங்க வலை காயப்போடுவீங்கனு சாமி சொல்லுது."

கோட்டைப் பக்கம் வலை காயப்போடக் கூடாது என்பது அங்கே அதிகாரம் செய்த கப்பித்தானின் உத்தரவு. குப்பத்துக்கு அது நெடுநாள் வயிற்றெரிச்சல். இது பயங்கரமான சாபம் என்றார் பாதிரியார். நானும் சாபம் என்றுதான் சொன்னேன். ஒருத்தரும் பயப்படவில்லை, எல்லார் முகமும் மலர்ந்தது. என் பேச்சுத் திறமை என்று பூரித்துப் போனேன். (மடையன்!)

மறுநாள் காலை மதில் முழுக்க வலை. வாசலில் தொங்கிய வலையில் கப்பித்தானின் சட்டைப் பொத்தான்கள் மாட்டிக்கொண்டன. இழுக்க இழுக்க இன்னும் சிக்கினார். நாலு சிப்பாய்கள் சேர்ந்துதான் அவரைப் பிரித்தெடுத்தார்கள். யார் சொல்லி விரித்தீர்கள் என்று கேட்டதற்கு எல்லா விரலும் என்னைக் காட்டின. பாதிரியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு ஆள் தேடப் போய்விட்டார்.

வேலையும் போச்சு, மங்காவும் போச்சு என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தேசப்பன் முன்னால் போய் நின்றேன். அவரோ மதிலிலிருந்து இறக்கிய வலையை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டையில வேல பாக்கறவன் எத்தினியோ பேர் கீறான்," என்றார். "அந்தக் கோட்டையவே காட்டி, இதுமேல வலை போடுன்னவன் நீ ஒருத்தன்தான். பொண்ணு உனக்குத்தான்."

இன்றைக்கும் வீட்டில் எதற்காவது விளக்கம் சொல்ல நான் தொண்டையைக் கனைத்தால் போதும், மங்கா பிள்ளைகளைக் கூப்பிடுவாள்.

"ஈர வலை இருந்தா எடுத்துனு வாங்க. நைனா அர்த்தம் சொல்லப் போறாரு."