அயன்பொக்ஸ் அண்ணையின் பத்தாம் இலக்கம்

ரொறன்ரோவிலேயே மடிப்புக் கலையாத ஜேர்சியோடு தோற்ற ஒரே உதைபந்தாட்ட அணி எங்களுடையதுதான். அந்தப் புகழ் முழுவதும் அயன்பொக்ஸ் அண்ணையைச் சேரும். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

மோர்னிங்சைட்டில் எங்கள் ஊர்ச்சங்க அணிக்கு அவர் மனேஜர். ஆட்டம் முடிந்ததும் வியர்வை ஜேர்சிகளை மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த கிழமை அவை கலியாண வீட்டுச் சட்டை மாதிரி மடிப்போடு திரும்பி வரும்.

"உதுக்கெல்லாம் அயன் தேவையோ அண்ணை?"

"கசங்கின ஜேர்சியோட இறங்கினா எதிர்ப்பக்கம் மதிக்குமோ?"

அன்று ஆறு கோல் வாங்கியிருந்தோம்.

குளிர்காலத்தில் அவருடைய பேஸ்மன்ற் டிவியில் பந்தைக் கையில் பிடித்து விளையாடும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் ஓடும். அதில் ஒரு விதியும் அவருக்குத் தெரியாது. ஆனால் பருவக் கடைசியில் வரும் 'போல்' (Bowl) என்ற கிண்ண ஆட்டத்துக்கு நட்சத்திர வீரர்கள் வரமாட்டார்கள், காயம்பட்டால் பெரிய அணிகள் எடுக்காது என்ற பயம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனுசன் கொதித்துப் போனார்.

"கூட விளையாடினவனை நடுவழியில விட்டிட்டு ஓடுறாங்கள். உவங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று டிவியை அணைத்துவிட்டு, சாப்பிடாமலே படுத்தார்.

கோடை வந்தது. எங்கள் பத்தாம் இலக்க வீரன் நிரூஜனைத் தொழில்முறை அணி ஒன்று தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு பக்கத்து ஊர்ச்சங்கத்தோடு சிநேகபூர்வ ஆட்டம். புள்ளியும் இல்லை, கிண்ணமும் இல்லை. மட்டன் ரோல்சும் மானமும் மட்டுமே. நிரூஜனுக்குக் கணுக்காலில் நோவு. இறங்க மனமில்லை. ஆனால் சங்கத் தலைவர் அவனுடைய அப்பா.

"நீ இறங்காட்டி நான் சனத்துக்கு என்ன முகத்தைக் காட்டுறது?" என்று அவர் ஒரே பிடி.

பெடியன் அண்ணையிடம் நியாயம் கேட்டு வந்தபோது நானும் இருந்தேன்.

"நீயும் அமெரிக்காக்காரன் மாதிரியோ? ரீம் எண்டா ரீம்" என்று அண்ணை ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார்.

"ஓகே அண்ணை, I'll play" என்று அவன் எழுந்து படியேறினான். நொண்டினான். அந்தக் காலையே அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மைதானத்தில் மூட்டையை அவிழ்த்தோம். பத்தாம் இலக்க ஜேர்சியின் முதுகில், இலக்கம் இருந்த இடத்தில், அயன்பொக்ஸ் அளவில் ஓட்டை. இலக்கமில்லாமல் இறங்க முடியாது என்றார் நடுவர். மேலதிக ஜேர்சி என்பது எங்கள் அணியில் கிடையாது. ஆளுக்கொன்று போதும் என்பது அண்ணையின் கொள்கை.

தலைவர் குதித்தார். "இவ்வளவு காலமும் கருகாதது இண்டைக்கு மட்டும் எப்பிடியப்பா கருகினது?"

"ஃபோன் வந்தது. கதைச்சுக்கொண்டு நிண்டிட்டன்."

தலைவர் சனத்துக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினார். அண்ணை தலை குனிந்தபடி நின்றார். ஆட்டம் முழுக்க நிரூஜன் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து எங்களுக்குக் கைதட்டினான். நாங்கள் வழக்கம்போல மடிப்போடு தோற்றோம்.

திரும்பும்போது காரில் கேட்டேன். "வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?"

"பெடியனுக்குக் கால் ஏலாது. அவனா வராட்டி தேப்பன் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவார். என்னைப் பேசினா ரெண்டு நாளில மறந்திடுவார்."

நிரூஜன் தேர்வானான். தலைவர் மட்டும் மறக்கவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் அந்த ஜேர்சிக் கதையை இழுக்கிறார்.

"ஃபோன் வந்தது" என்கிறார் அண்ணை.

"ஓம், நான்தான் எடுத்தனான், என்னோடதான் கதைச்சுக்கொண்டு நிண்டவர்" என்று எழுந்து சாட்சி சொல்கிறேன் நான். அந்த மனுசனுக்காக எத்தனை கூட்டத்திலும் சொல்வேன்.