தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது

மதிப்புக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் ரத்த அழுத்தமும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமா? முட்டிவலி எப்படி? புது ஸ்கூட்டர் தகராறு செய்யாமல் ஓடுகிறதா?

நிற்க. உங்கள் தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் சண்டை இல்லையாம், கலையாம். பக்கத்துத் தெருத் தையல் டீச்சர் பெண்களைச் சேர்த்துக் கடிதக் குழு ஒன்று ஆரம்பித்திருக்கிறார். வாயால் சொல்லி எடுபடாததை ஒவ்வொருத்தியும் எழுதி, தபால்தலை ஒட்டி, வீட்டு ஆளுக்கே தபாலில் போட வேண்டும். பதில் வந்தால் கடிதத்தின் நகலையும் பதிலையும் நூலகக் கூடத்தில் கொடி கட்டி, துணி கிளிப்பில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டுவார்கள். வராவிட்டால் வெறும் தாள் தொங்கும். "இதுல எங்க கலை இருக்கு?" என்று கேட்டேன். "மாட்டினப்புறம் தெரியும்ங்க" என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

எனக்கும் ஒன்று வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் போட்ட கடிதத்தை, தபால்காரரிடம் அவளே வாங்கி, என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஒரே வரி. 'கல்யாணமான நாளிலிருந்து, நான் சாப்பிட்டேனா என்று நீங்கள் ஒருநாளாவது கேட்டதுண்டா?'

நான் ஓய்வு பெறும்வரை குடிநீர் அலுவலகப் புகார்ப் பிரிவில் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நேரில் வந்தவர்களிடம் "எழுத்துல கொடுங்க" என்பேன். எழுத்தில் கொடுத்தவர்களுக்கு ஒரே பதில்தான். பேனாவை எடுத்ததும் கை பழைய வழியிலேயே போய்விட்டது. 'மனுதாரருக்கு, தங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது. தக்க நடவடிக்கை எடுக்கப்படும்.' அதை மறுபடி படித்துப்பார்த்துத்தான் தபாலில் போட்டேன். அதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அது நூலக வாசலுக்கு நேரே தொங்குகிறது. பால்காரர், "சார், நடவடிக்கை எடுத்தாச்சா?" என்று சிரிக்காமல் கேட்கிறார். என் பழைய மேலதிகாரி வந்து படித்துவிட்டு, "வாசகம் மாறாம எழுதியிருக்கீங்களே" என்று பாராட்டிவிட்டுப் போனார். குழுவின் முதல் வெற்றி நான்தான் என்கிறார் தையல் டீச்சர். உங்கள் தங்கையோ சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று கவனிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. இத்தனை வருஷமாக அது எனக்குத் தெரியாது என்பதே இப்போதுதான் தெரிகிறது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அந்தத் தாளைக் கழற்றச் சொல்ல வேண்டும். அண்ணன் பேச்சை அவள் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் முட்டிக்கு என் பிரார்த்தனை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் எதிர்மனுதாரர்

பின்குறிப்பு: வர வேண்டாம். உறையை ஒட்டப்போனபோது மனசு கேட்கவில்லை. சமையலறை வாசலில் போய் நின்று, "சாப்பிட்டியா?" என்று கேட்டேவிட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். பிறகு, "எழுத்துல கொடுங்க" என்றாள். எழுதிவிட்டேன். இதைப் போடும் பெட்டியிலேயே அதையும் போடுகிறேன். அவள் பதில் வரும்வரை நானும் சாப்பிடுவதாக இல்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அதையும் மாட்டிவிடுவாள்.