மாப்பிள்ளையின் நோட்டீஸ் பணமும் என் தறிக்குழி வாசமும்

பெருமதிப்பிற்குரிய போளூர் மச்சான் தசரதன் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் சந்திரமோகன் கும்பிட்டு எழுதுவது. இங்கே உங்கள் தங்கை கமலம் சௌக்கியம், தறி இரண்டும் சௌக்கியம். என் நிலைமையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அவள் காதில் விழும்.

முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்று மாப்பிள்ளை விக்னேஷ் வாசலில் காரை நிறுத்திய சத்தம் கேட்டதும், ஐம்பத்தாறு வயதான நான், நெய்யும்போது காலை விடும் தறிக்குழிக்குள் இறங்கிக் குந்திக்கொண்டேன். "மாமா எங்க அத்தே? நேர்ல ஒரு விஷயம் பேசணும்" என்று அவர் கேட்டது காதில் விழுந்ததும் குழியிலேயே வியர்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் மகள் லாவண்யாவோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கார் போனதும் கமலம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, மாப்ள உங்கள கேட்டுகினு போறாரு, நீங்க குழிக்குள்ள குந்திகினு இன்னா பண்றீங்க?"

மிதிகட்டை ஆடுகிறது, பார்க்கிறேன் என்றேன். ஆடியது நான்தான் மச்சான். பொங்கலுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டார். புதுக் கம்பெனி உடனே வரச் சொல்கிறதாம், பழைய கம்பெனியோ மூன்று மாதம் நோட்டீஸ் இருந்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் அந்த மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போ என்கிறதாம், அதைத் தானே கட்டுவதாகப் புதுக் கம்பெனி சொல்கிறதாம், அதற்கு வரி உண்டா மாமா என்றார். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நம் ஊர் வழக்கத்தை எடுத்துவிட்டேன். நெசவாளி முதலாளி மாறினால், பழைய முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைப் புது முதலாளி அடைத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறார், அது இரண்டு முதலாளிகளின் விவகாரம், நடுவில் இருப்பவனுக்கு ஏது வரி, ஜல்தியாக மாறிவிடுங்கள் என்றேன். அவரும் தலையாட்டினார்.

போன வாரம் இந்தப் பெருமையைப் பட்டுக் கடையில் கணக்கு எழுதும் குணசுந்தரியிடம் அளந்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"அண்ணே, அவரு கட்டவேண்டியத புதுக் கம்பெனி கட்டுனா, அது அவரு கையில குடுத்த மாதிரிதாங்க. சம்பளத்தோட சேத்து வரி போட்டுடுவாங்க. யாருண்ணே இந்த யோசன சொன்னது?"

யாரோ ஒரு பைத்தியக்காரன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை வாங்கும் சம்பளத்துக்கு நூற்றுக்கு முப்பது பிடிப்பார்களாம், அதுவும் அவர் கையால் தொடாத பணத்துக்கு. அன்றிலிருந்து போன் அடித்தால் கமலத்தை எடுக்கச் சொல்லிவிடுகிறேன், ஒரே பேஜார். பணத்தை விடுங்கள் மச்சான். இந்தக் குடும்பத்தில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான். அவரும் போய்விட்டால் நான் தறியோடுதான் பேச வேண்டும்.

ஆகவே ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்து, அந்த யோசனை உங்களுடையது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பென்ஷன் வருகிறது, திட்டினாலும் தாங்குவீர்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டார் எல்லோரும் எந்தப் பிடித்தமும் இல்லாத நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தறிக்குழியிலிருந்து,
சந்திரமோகன்

பி.கு.: கவரை ஒட்டும்போது மாப்பிள்ளையே போன் செய்தார். பழைய கம்பெனி மேனேஜர் வீட்டுக்கு ஒரு பட்டுப்புடவை அடக்க விலையில் வேண்டுமாம், அதுதான் விஷயமாம். மூன்று மாத நோட்டீஸையும் ஒரு நாள் விடாமல் வேலை பார்த்துவிட்டுத்தான் விலகினாராம். அப்படியானால் வரியும் இல்லை, என் பேச்சை அவரும் கேட்கவில்லை மச்சான்.