பழைய கேமராவுக்கு நடந்த ரகசிய வாக்கெடுப்பு

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் இருந்தது ஒரே ஒருவர். இடம் குளியலறை. தலைமை வகித்து, முன்மொழிந்து, வழிமொழிந்து, கன்னத்தில் சோப்பு நுரையோடு கைதட்டியதும் செயலாளரேதான். தீர்மானம் இதுதான்: பழைய கேமராவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவது.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர் அவர், தொழிற்சங்கத்தின் செயலாளர். வேலை முடிந்தது, பதவியும் முடிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தெருவில் எல்லாருக்கும் அவர் செயலாளர். வீட்டில் மட்டும் சாதாரண உறுப்பினர். அதுவும் சந்தா கட்டாத உறுப்பினர்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் குளக்கரையும் மீன்கொத்தியும்தான் உலகம். மகள் வேண்டாமென்று தள்ளிவிட்ட கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். பேட்டரி மூடி நிற்காததால் அதற்கு ரப்பர் பேண்டு. பொத்தானை அமுக்கினால் அது உடனே படம் எடுத்துவிடாது. நிர்வாகத்தைப் போலக் கோரிக்கையைப் பரிசீலிக்கும். பரிசீலித்து முடிப்பதற்குள் மீன்கொத்தி மீனைத் தின்று ஏப்பமே விட்டிருக்கும். மீன்கொத்தி போன பிறகு குளத்துத் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதற்கு அவரிடம் பெரிய படத்தொகுப்பே இருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் குளத்துக்கு அந்த ஆள் வர ஆரம்பித்தார்.

அந்த ஆள் அதே அச்சகத்தின் மேனேஜர். ஒவ்வொரு கூலி உயர்வுக்கும் தொழிலாளிகளை வாசலில் உட்காரவைத்தவர். பணிக்காலம் முழுவதும் செயலாளர் அவரை ஒருமுறைகூட 'சார்' என்று கூப்பிட்டதில்லை. 'நிர்வாகமே' என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் வீடு சேர்த்தார்கள், நிலம் சேர்த்தார்கள். செயலாளர் சேர்த்தது அந்த ஒரு சொல்லைச் சொல்லாத பெருமையை மட்டும்.

இப்போது நிர்வாகம் பீரங்கி போன்ற லென்ஸோடு எதிர்க்கரையில் நின்றது. தொழிலாளியைத் தூரத்திலிருந்தே பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படிப்பட்ட லென்ஸ்தான் பிடிக்கும். மீன்கொத்தி பாய்ந்தது. எதிர்க்கரையில் சடசடவென்று படங்கள். பிறகு அந்த ஆள் சுற்றி வந்து திரையைக் காட்டினார். பறவையின் அலகில் மீன். மீனின் கண்ணில் அதிர்ச்சி. அவ்வளவு துல்லியம்.

"உங்களுக்கு என்ன விழுந்தது, செயலாளரே?"

தண்ணீர்.

அதனால்தான் அந்தத் தீர்மானம். அதை எடுத்துக்கொண்டு மனைவியிடம் போனார். அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் தையல்காரி.

"ஏம்மா, கேமரா பழசாயிடுச்சு."

"நானும்தான் பழசாயிட்டேன்."

"அது வேற விஷயம்மா."

"எப்படி வேறன்னு சொல்லுங்க, கேப்போம்."

செயலாளர் அந்தப் பேச்சிலிருந்து வெளிநடப்புச் செய்து வேறு வாசல் வழியாக உள்ளே வந்தார்.

"எடுக்கிறதுக்குள்ள பறவை பறந்துடுதும்மா."

"உக்காந்திருக்கிற பறவையை எடுங்களேன்."

"போராடுற பறவையைத்தான் எடுக்கணும். சும்மா உக்காந்திருக்கிறதை எவன் எடுப்பான்?"

"நீங்க எல்லாப் போராட்டத்துலயும் வாசல்ல உக்காந்துதானே இருந்தீங்க?"

செயலாளர் கழுத்தில் தொங்கிய கேமராவின் ரப்பர் பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்னைக் கடல் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன்னு கல்யாணத்தன்னிக்குச் சொன்னீங்க. அதுக்குக் காசில்லை. இதுக்கு மட்டும் எங்கேருந்து வருது?"

"அடுத்த வருஷம் கட்டாயம் போறோம்."

"இது நிர்வாகம் சொல்ற பதில்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. மனைவி நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரி, நியாயமாவே முடிவு பண்ணுவோம். மேனேஜரம்மா என்கிட்டதான் துணி தைக்கக் குடுக்கிறாங்க. அவங்க வீட்டுக் கேமராவை ஒருநாள் கேட்டு வாங்குறேன். ரெண்டுலயும் என்னைப் படம் எடுங்க. எது எதுன்னு சொல்லாம முன்னால வைங்க. புதுசு நல்லா இருந்தா வாங்கிக்கலாம். பழசே போதும்னா அந்தக் காசுல கடல்."

ரகசிய வாக்கெடுப்பு! அவர் வாழ்நாளெல்லாம் வாசலில் நின்று கேட்டது. மனைவி தட்டில் வைத்துக் கொடுக்கிறாள். செயலாளர் ஒப்புக்கொண்டார்.

ஆனால் அனுபவசாலி எவனும் வாக்கெடுப்பை வாக்காளர்களிடம் மட்டும் ஒப்படைத்துவிடுவதில்லை. மறுநாள் காலை அவர் கண்ணாடி முன்னால் இருந்த தலை எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, பழைய கேமராவின் லென்ஸில் மெல்லத் தடவினார். துரோகம்தான். ஆனால் வர்க்க எதிரி எதிர்க்கரையில் நிற்கும்போது ஒரு சொட்டு எண்ணெயையா கணக்குப் பார்ப்பது?

"என்னங்க, அந்த நீலச் சட்டையைப் போட்டுட்டு வாங்க. படம் எடுக்கிறவர் பனியனோட நின்னா எனக்குச் சிரிப்பு வராது, அழுகைதான் வரும்."

போட்டுக்கொண்டு வந்தார். மொட்டைமாடியில் மனைவி நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மடியில் இரண்டு கேமராக்கள், தோளில் ஒரு வெட்டுத்துணி. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்தார். எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க முயன்றார். அந்த வெயிலில் இரண்டு திரையிலும் தெரிந்தது அவருடைய வழுக்கைத் தலை மட்டும்தான்.

படக்கடைக்காரரிடம் கொடுத்து ஒரே அளவில் அச்சிட்டு, எது எந்தக் கேமராவுடையது என்று பின்புறம் எழுதச் சொன்னார். வாங்கி வரும்போது முன்புறத்தை மட்டும் பார்த்தார். ஒன்று கண்ணாடி போலத் தெளிவு. இன்னொன்றில் மனைவி பனிமூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். பின்புறத்தைத் திருப்பவில்லை. வாக்குப்பெட்டியைத் திறந்து பார்ப்பது முதலாளி புத்தி. அவர் கொள்கைவாதி.

வீட்டில் மேனேஜரம்மா உட்கார்ந்திருந்தார்.

"தேர்தல் அதிகாரி வேணும்ல?" என்றாள் மனைவி.

செயலாளருக்கு உற்சாகம் பொங்கியது. ஒருவர் கேட்டாலே பேசுகிறவர், இப்போது இருவர். மங்கலான படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"தோழியர்களே! இது முகமா, பஞ்சு மூட்டையா? இதை எடுத்தது கேமராவா, குளிர்காலமா? இப்படி ஒரு கருவியை வீட்டில் வைத்திருப்பது மானமுள்ள மனிதனுக்கு அழகா? குப்பையில் போட்டால் குப்பைக்காரரே திருப்பிக் கொடுத்துவிடுவார்!"

"அப்ப இதை எடுத்த கேமரா உதவாதுங்கிறீங்க?"

"உதவவே உதவாது."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் எப்பம்மா மாறியிருக்கேன்?"

"நானும் இது உதவாதுன்னே ஓட்டுப் போடறேன். நீங்க திருப்பிப் படிங்க மேனேஜரம்மா."

மேனேஜரம்மா படத்தைத் திருப்பினார். "புதியது," என்று படித்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டுக்காரர் கேமராவா குப்பை? அவர் இதைவிடப் பெரிசா இன்னொண்ணு வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரே! நீங்க சொன்னதை இப்பவே போய்ச் சொல்றேன்."

"இருக்க முடியாது!" செயலாளர் எழுந்துவிட்டார். "எண்ணெய் தடவினது..."

"எந்த எண்ணெய்?" என்றாள் மனைவி, மிகவும் அக்கறையாக.

செயலாளர் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லை."

மேனேஜரம்மா போன பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"தலையில முடியில்லாத மனுஷன் எண்ணெய் பாட்டிலை எதுக்குத் திறந்து வச்சுட்டுப் போனார்னு யோசிச்சேன். பழசைத் துடைச்சேன். துணியில எண்ணெய் வீணாப் போகுதேன்னு புதுசுல தடவினேன். அவங்க கேமராவைத் திருப்பிக் குடுக்கும்போது நல்லாத் துடைச்சுத்தான் குடுத்தேன், கவலைப்படாதீங்க."

"மேனேஜரம்மாவுக்கு..."

"தெரியும். நாங்க ரெண்டு பேரும் சங்கம் வச்சிருக்கோம். நீங்க வேலைநிறுத்தம் செஞ்ச காலத்துலேருந்தே. நீங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நின்னப்ப, எந்தப் பக்கம் எப்ப இறங்கி வரும்னு நாங்கதான் பேசி வச்சுப்போம்."

செயலாளருக்குத் தன் வெற்றிவிழாக்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து, மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயின.

கடலுக்கு நான்கு பேரும் ஒரே வண்டியில் போனார்கள். அதுவும் சங்கத்தின் முடிவு. பீரங்கி கேமரா வந்தால் தான் வரமாட்டேன் என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டதால், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேனேஜர் வழியெல்லாம் வாடிக் கிடந்தார். செயலாளருக்கு முதல்முறையாக அந்த ஆள்மேல் சிறிது இரக்கம் வந்தது.

கடல் நன்றாகத்தான் இருந்தது. மனைவி முழங்கால் நனைய நின்று, சின்னப் பெண்ணைப் போலக் கத்தினாள். அதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மேனேஜரையும் மேனேஜரம்மாவையும் அலைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். செயலாளர் ரப்பர் பேண்டைச் சரிசெய்து பழைய கேமராவைத் தூக்கினார்.

"நிர்வாகமே, சிரிக்கலாம்."

நிர்வாகம் சிரிக்கவில்லை.

"மரியாதையாக் கேளுங்க," என்றாள் மனைவி, இடுப்பில் கைவைத்து. "கேட்டாத்தானே சிரிப்பார்?"

அலை வந்துகொண்டிருந்தது. மேனேஜரம்மா காத்திருந்தார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கடைசியில் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சிரிங்க... சார்."

மேனேஜரின் முகம் அப்படியே மலர்ந்தது. செயலாளர் பொத்தானை அமுக்கினார். கேமரா பரிசீலித்தது. அலை வந்து, இருவரையும் நனைத்து, திரும்பிப் போனது. அதற்குப் பிறகு 'க்ளிக்' என்றது.

மனைவி திரையை எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிதாங்க விழுந்திருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க."