அத்தான் கார்ல வாராரு

சத்தமே போடாத கார் ஒன்றை வாங்கினேன். அதற்கும் சேர்த்துச் சத்தம் போடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும், ஓட ஓடத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஹைபிரிட் கார். துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீசில் அதைப் பற்றி என்னிடம் கேட்காதவர்களுக்கும் விளக்கம் சொல்லியிருக்கிறேன். (கேட்டவர் யாரும் கிடையாது.)

வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டார். என் மாமனார். வேம்பார்க்காரர், ஆயுசில் பாதியைக் கடலில் கழித்தவர். மாமியார் இறந்த பிறகு தூத்துக்குடியில் எங்களோடுதான் இருக்கிறார்.

"பெட்ரோலா மாப்ள, கரண்டா?"

"ரெண்டும் மாமா."

"அப்ப ரெண்டுல எது தீந்தாலும் நின்னுருமா?"

நான் சிரித்தேன். கடல்காரருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்த சிரிப்பு அது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

இந்தக் காரில் இரண்டு பேட்டரிகள். காரை ஓட்டுவது பெரியது. கதவைத் திறக்க, விளக்கெரிய, காரை உசுப்பிவிட ஒரு சின்னது. சின்னது செத்தால் பெரியது எவ்வளவு தெம்பாக இருந்தும் பிரயோசனமில்லை. ஷோரூமில் சாவி கொடுத்த பெண் இதைப் பொறுமையாகச் சொன்னாள். "சார், சாவிய வண்டி பக்கத்துலயே வைக்காதீங்க. சாவி கிட்ட இருந்தா வண்டி தூங்காது, முழிச்சி முழிச்சிப் பாத்துக்கிட்டே இருக்கும். சின்ன பேட்டரி இறங்கிரும்." நான் தலையாட்டியபடி பாட்டு எந்தப் பட்டனில் வரும் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. என் மனைவி ரெஜினா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கடலுக்குப் போகிற வீடு என்பதால், எந்த வண்டியின் சாவியானாலும் ராத்திரி மாதா சுரூபத்தின் பாதத்தில் வைத்துவிட்டுத்தான் படுப்பார்கள். எங்கள் ஹாலில் மாதா பீடம் இருப்பது ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கார் ஷெட். ஆக, மாதாவின் பாதத்தில் சாவியும் ஒரு கை தூரத்தில் காரும் இரவெல்லாம் பேசிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆபீசுக்கும் வீட்டுக்கும் நான் ஓட்டும் துண்டு ஓட்டத்தில் ஏறுகிற சார்ஜ் அந்தப் பேச்சுக்கே சரியாகப் போயிருக்கும்.

இப்படியிருக்க, வேம்பாரில் என் மச்சினன் ஜெரோம் புதிதாக ஒரு பைபர் படகு கட்டி முடித்தான். அவன் அம்மா பேரையே வைத்தான்: செபமாலை. சாமியார் மந்திரித்து முடித்ததும், அப்பாதான் படகின் முன்முனையான அணியத்தில் முதல் கை வைத்துத் தள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தான். மாமா அதைக் கேட்ட நாளிலிருந்து வேறு எதையும் பேசவில்லை. அந்தக் காலையில் போட்டுக்கொள்ள ஒரு புது வேட்டியை எடுத்துத் தனியாக வைத்திருந்தார்.

முதல் நாள் மத்தியானமே பையோடு வந்து நின்றார். "மாப்ள, நான் சாயந்திர பஸ்ஸப் புடிச்சி அங்கன போயிருதேன். விடியக் கடல் ஏறி நிக்கையில எறக்கணும். சாமியாருக்கும் அடுத்த ஊர்ல பூசை இருக்காம்."

"நம்ம கார் நிக்கும்போது பஸ்ஸா? காலைல ஒரே அழுத்து, வேம்பார்ல இருப்போம் மாமா."

அவர் பையைக் கீழே வைத்தார். அந்தப் பையை நான் வைக்கவிட்டிருக்கக் கூடாது.

அந்த விசேஷத்துக்காகவே காரைக் கழுவித் துடைத்து, உறை போட்டு, சில நாளாக எடுக்காமல் வைத்திருந்தேன். காலையில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அவ்வளவுதான். சின்ன பேட்டரி இருப்பது பின்பக்க டிக்கியில். டிக்கி திறக்க கரண்ட் வேண்டும். கரண்ட் வேண்டுமென்றால் டிக்கி திறக்க வேண்டும். கடைசியில் பின் சீட்டைச் சாய்த்து, புதுச் சட்டையோடு தலைகீழாக உள்ளே ஊர்ந்தேன். வெளியே தெரிந்தது என் இரண்டு கால்கள் மட்டும்தான் என்று ரெஜினா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

எதிர்வீட்டு அண்ணாச்சி தன் காரிலிருந்து ஒயர் கொடுத்து உயிர்ப்பித்தார். "போய்ச் சேருத வரைக்கும் ஆஃப் பண்ணிராதிய," என்றார். சரி என்றேன். உண்மையாகவே ஆஃப் பண்ணக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

தருவைகுளம் தாண்டும்போது ரெஜினா கேட்டாள். "படகுக்கு வாங்குன மாலை எங்க?"

அவசரத்தில் வீட்டிலேயே விட்டுவிட்டோம். சாலையோரம் டீக்கடையை ஒட்டி ஒரு பூக்கடை தெரிந்தது. காரை ஓரம் கட்டி, ஆஃப் பண்ணாமல்தான் இறங்கினேன். மாலையோடு திரும்பி வந்து உட்கார்ந்தால் ஒரு சத்தமும் இல்லை. ஐயோ, நின்றுவிட்டது! பதறிப்போய்ப் பட்டனை அழுத்தினேன்.

கார் நிற்கவே இல்லை. ஹைபிரிட் கார் ஓரமாக நிற்கும்போது எஞ்சினை நிறுத்திக்கொண்டு சும்மா இருக்கும். அதன் பெருமையே அதுதான். ஆபீஸ் முழுக்க நான் சொல்லித் திரிந்த பெருமை. ஓடிக்கொண்டிருந்த காரை, நின்றுவிட்டது என்று நினைத்து, என் விரலாலேயே நிறுத்தினேன்.

பின்சீட்டிலிருந்து மாமா மெதுவாகக் கேட்டார். "லைட்டெல்லாம் எரிஞ்சிக்கிட்டுத்தான இருந்திச்சி மாப்ள?"

மறுபடி அழுத்தினேன். மினுக். அவ்வளவுதான்.

உப்பளத்துக்குப் போகிறவர்கள் டீ கிளாசை வைத்துவிட்டுத் தள்ள வந்தார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் கரண்ட் இல்லாமல் இந்தக் காரின் கியரை மாற்ற முடியாது, சக்கரம் உருளாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மாமா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து காரில் கை வைத்தார். "ஏலேய், ஒண்ணா தம் புடிச்சித் தள்ளுங்கலே!" கார் அசையவில்லை. அந்தக் கை அந்த நேரத்தில் இருந்திருக்க வேண்டிய இடம் வேறு.

டீக்கடையில் இருந்த ஒருவர் சொன்னார். "அண்ணாச்சி, பெரியவர நான் பைக்ல வேம்பார்ல விட்டுருதேன்."

"வேண்டாம், இப்ப ஸ்டார்ட் ஆயிரும்." சொன்னது நான்தான். மாமா என்னைப் பார்த்தார். பைக் வைத்திருந்தவர் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

ஜெரோம் போனில் கூப்பிட்டான். "அத்தான், எங்கன வாரீய?"

"வந்துக்கிட்டே இருக்கோம்டே."

கார் நின்றுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனே யாரையாவது பைக்கில் அனுப்பியிருப்பான். ரெஜினா என் கையிலிருந்து போனைப் பிடுங்குவதற்குள் அவன் வைத்துவிட்டான். அவள் திரும்பக் கூப்பிட்டபோது யாரும் எடுக்கவில்லை. அங்கே ஜெபம் தொடங்கியிருக்கும்.

கடைசியில் உப்பு மூட்டை ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று நின்றது. மாமா முன்னால் ஏறினார். நானும் ரெஜினாவும் மூட்டை மேல். என் மடியில் மாலை. வேம்பார் வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

கரையில் நாங்கள் இறங்கியபோது படகு கடலில் இருந்தது. முடிந்த மட்டும் காத்துப் பார்த்திருக்கிறார்கள். சாமியார் கிளம்ப வேண்டியிருந்தது, கடலும் வடியத் தொடங்கியிருந்தது. ஜெரோமின் சித்தப்பா முதல் கை வைக்க, இறக்கிவிட்டார்கள்.

மாமா முழங்கால் தண்ணீர் வரை இறங்கி நின்றார். படகு ஒரு சுற்று சுற்றித் திரும்பி வந்தது. அணியத்தில் எழுதியிருந்த பேர் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

"நல்லா மிதக்குதாலே?"

"நல்லா மிதக்குதுப்பா," என்றான் ஜெரோம்.

நான் மாலையோடு கரையில் நின்றேன். அதை என்ன செய்வதென்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காருக்குப் புது பேட்டரி போட்டாகிவிட்டது. சாவி இப்போது சமையலறை டப்பாவில் இருக்கிறது. ("மாதா மேல பழியப் போடாதீங்க," என்று ரெஜினா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.) ஆனால் யாரோ அன்றைக்குக் கரையில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஜெபம் முடிந்து எல்லாரும் படகைச் சுற்றி நிற்கும்போது ஒரு பெண் குரல், "ஏலே, ஒங்கப்பாவ எங்கலே?" என்று கேட்கிறது. ஜெரோம் சாலைப் பக்கம் பார்த்தபடி, "அத்தான் கார்ல வாராரு," என்கிறான்.

அந்த வாக்கியம் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கரண்ட் எப்போது வரும் என்று கேட்டால், "அத்தான் கார்ல வருது." நகராட்சித் தண்ணீருக்கும் அதே பதில்தான். ஹாஸ்டலில் படிக்கும் என் மகளிடம் பரீட்சை ரிசல்ட்டைக் கேட்டபோதும் அதையே சொன்னாள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், மாமாவும் சிரிப்பார்.

ஆனால் அவர் வாயால் இதுவரை ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் தேவலை.