தையல்காரனும் கொசுவலையும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் அவள் வயிற்றிலிருப்பதும் நலம். அத்தையின் மூட்டுவலி தவிர அங்கே மற்றெல்லாம் நலமென்று நம்புகிறேன்.

"ஆஸ்பத்திரியில என்னதான் பண்றாங்க?" என்று நீங்கள் போனில் கேட்டபோது கடையில் ஒருவருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே இப்போது விவரமாக எழுதுகிறேன். ஐந்தாம் மாதப் பரிசோதனைக்குக் கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன். பெஞ்சு நிறையக் கர்ப்பிணிகள், நடுவில் நான் ஒருத்தன். நர்ஸம்மா இவளிடம் மூன்று மாத்திரைகளைக் கொடுத்து, "என் எதிர்லயே முழுங்கும்மா" என்றார். மலேரியா வராமலிருக்கவாம். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "காய்ச்சலே இல்லாதவளுக்கு மாத்திரை எதுக்குங்க?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மாசமா இருக்கறப்போ காய்ச்சல் காட்டாமலே கிருமி இருக்கும். நஞ்சுக்கொடியில குடியேறிக்கிட்டு, பிள்ளைக்குப் போறத வழியிலேயே மறிச்சிடும்" என்றார். போன தடவை இவளுக்குக் காய்ச்சல் என்று ஒன்றும் தெரியாமலே ஆறாம் மாதத்தில் பறிகொடுத்தோமே, மாமா. நான் வாயை மூடிக்கொண்டேன். இவள் வாயைத் திறந்து மூன்றையும் விழுங்கினாள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மருந்து தோய்த்த கொசுவலை ஒன்றும் கொடுத்தார்கள். தையல்காரன் வீட்டுக்கு வந்த துணி சும்மா கிடக்குமா? வாடை போகட்டுமென்று சோப்புப் போட்டுக் கும்மி, உச்சிவெயிலில் காயவைத்து, தொளதொளவென்று தொங்கியதை ஒரு முழம் வெட்டி, ஓரம் மடித்து ஜோராகத் தைத்தேன். கட்டிலில் கட்டிப் பார்த்தால் மெத்தைக்கடியில் செருகத் துணி இல்லை. கொசுக்கள் வரிசையாகக் குனிந்து உள்ளே வந்தன. அடுத்த பரிசோதனையில் இவள் அத்தனையையும் ஒப்பித்துவிட்டாள். "வீட்டுக்காரர் என்ன வேலை?" என்று நர்ஸம்மா கேட்டார். "தையல்." "அதானே." வேறு வலையைக் கொடுத்தவர், "வெயில்ல போடாதீங்க, மருந்து போயிடும். நிழல்ல ஆறவிட்டுக் கட்டுங்க. இவரைக் கத்திரிக்கோலோட கிட்ட விடாதம்மா" என்றார். அன்றும் மூன்று மாத்திரை, அவர் கண்ணெதிரே.

இப்போது ஏழாம் மாதம். வலைக்குள் இவளுக்கும் வயிற்றுக்குமே இடம் சரியாக இருப்பதால், தியாக உணர்வோடு நான் வாசலோரம் பாய் விரித்துப் படுக்கிறேன். சமையல், துவையல் எல்லாம் என் பொறுப்பு. எதற்கும் குறைவில்லை. அத்தை அந்த முழங்காலோடு அலைந்து வரவே வேண்டாம்.

உங்கள் இருவர் ஆசியும் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு முதலிலும், மிச்சமிருந்தால் எனக்கும் வேண்டி,
அன்புள்ள மருமகன்

பி.கு.: கடிதத்தை உறையிலிடுமுன் குளிர்ஜுரம் வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா, எனக்கு. இவளுக்கும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. பிள்ளை நன்றாக உதைக்கிறது. மேலே எழுதியதைப் படித்துவிட்டு இவள், "குறட்டை தாங்காம நான்தான் வெளிய தள்ளினேன்னு அப்பாவுக்கு உண்மைய எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். அத்தையை அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பவும். வரும்போது எனக்கும் ஒரு கொசுவலை வாங்கிவரச் சொல்லவும். தைத்துத் தர வேண்டியதில்லை.