பஞ்சவர்ணம் வாங்கிய முட்டை ஊஞ்சல்

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்கே நாவல் மரத்தடி வளையில், பஞ்சவர்ணம் என்றொரு முள்ளம்பன்றி தன் புருஷன் வேலாயுதத்தோடு குடியிருந்தாள். எல்லாரும் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை நம்பி அவளைக் கட்டிப்பிடிக்கப் போன வெளியூர்க் கீரி ஒன்று பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

பஞ்சு மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம். முள்ளம்பன்றிக்குப் படுக்கை என்றால் குப்புறப் படுப்பதுதான். அவர்கள் வம்சத்தில் யாரும் மல்லாந்ததும் இல்லை, சாய்ந்ததும் இல்லை. வயிறு பெருத்த பிறகு பஞ்சுவால் குப்புறப் படுக்க முடியவில்லை. வளையின் சுவரில் சாய்ந்தால் முள் குத்தி மண் பெயர்ந்து விழுந்தது. ஒருக்களித்துப் படுத்தால் பக்கத்தில் வேலாயுதம் அலறினான். பாவம், நின்றுகொண்டே தூங்கப் பழகினாள்.

"ஏங்க, எங்கயாச்சும் கொஞ்சம் சாயணும்போல இருக்கு."

"சாயறதா? எங்கம்மா எத்தனை பெத்தா! ஒரு நாள் சாஞ்சிருப்பாளா?"

"அதான் உங்கம்மா மூஞ்சி அப்படி இருக்கு."

பக்கத்துப் புதரில் குணவதி என்று ஒரு முயல். அவள் வீட்டு வாசலில் அந்த மாசம்தான் ஒரு முட்டை ஊஞ்சல் வந்து இறங்கியிருந்தது. பெரிய முட்டை ஒன்றின் முன்பக்கத்தைச் சீவி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சங்கிலியில் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே மெத்தை. மெத்தைமேல் குணவதி. கையில் அருகம்புல். அவள் மெல்லுவதும் ஆடுவதும் ஒரே தாளத்தில் நடந்தன. பஞ்சு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க இடுப்பு இன்னும் வலித்தது.

"குணவதி, நான் ஒருதரம் உக்காந்து பாக்கட்டுமா?"

"அதுக்கென்னக்கா, தாராளமா..." என்று எழுந்தவள், பஞ்சுவின் முதுகைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. மெத்தை புதுசு."

தப்பாக நினைக்காதே என்று யாராவது சொன்ன பிறகுதான் நமக்கு அப்படி நினைக்கவே தோன்றும். பஞ்சு நேராக வளைக்கு வந்தாள்.

"கிளம்புங்க. கடைக்குப் போறோம்."

கடை, காட்டின் நடுவே ஆலமரத்தில் இருந்தது. விழுதுக்கு ஒன்றாக முட்டை ஊஞ்சல்கள் தொங்கின. கடையைக் கவனித்துக்கொண்டது ரங்கராசு என்ற பச்சோந்தி. வந்தவர்கள் எந்த ஊஞ்சலைப் பார்க்கிறார்களோ அந்த நிறத்துக்கு ரங்கராசு மாறிவிடுவான். "பாத்தீங்களா, இந்தக் கலர் எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்பான்.

"வாங்கம்மா, வாங்க சார்! கிளையில தொங்கவிடப் போறீங்களா, ஸ்டாண்டோட வேணுமா? வீட்டுக்குள்ளயா, வாசல்லயா? வாசல்னா சாரல் அடிக்குமா? பின்னால சுவர் இருந்தா கொஞ்சம் தள்ளி மாட்டணும், இல்லேன்னா ஆடும்போது இடிக்கும். உக்காந்தா கால் தரையைத் தொடணும். தொட்டாத்தான் நாம ஆட்டுறோம். தொடலேன்னா அது நம்மளை ஆட்டும்."

"முதல்ல அவ உக்காரட்டும்யா," என்றான் வேலாயுதம்.

முதலில் இலவம்பஞ்சு மெத்தை வைத்தது. பஞ்சு மெதுவாகப் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கடையில் யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. வெள்ளைப் படலம் அடங்கியபோது ரங்கராசுவும் வெள்ளையாக இருந்தான்.

"சார், மேடம் பேரு?"

"பஞ்சு."

"அதான்."

அடுத்தது ஃபைபரில் செய்தது. கிழியாது, நனையலாம், ஒரு துடை துடைத்தால் போதும் என்றான் ரங்கராசு. கிழியத்தான் இல்லை. ஆனால் முள் உள்ளே போக வழியில்லாமல் வழவழப்பில் உரசிய உரசலில் மரத்திலிருந்த வௌவால்கள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டன. பஞ்சு அப்படியே வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அதற்கடுத்தது கயிற்றில் பின்னியது. அதில் உட்காருவது சுலபமாக இருந்தது. எழுந்தபோது ஊஞ்சல் பாதி அவளோடு வந்தது. வேலாயுதம் பல்லால் ஒவ்வொரு முடிச்சாகக் கடித்து அவிழ்த்தான்.

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது பஞ்சுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடுங்க. இதெல்லாம் முதுகு இருக்கிறவங்களுக்கு. நமக்கு இருக்கிறது முள்ளு. வாங்க, போலாம்."

அதுவரை கடைக்கே வந்திருக்கக் கூடாது என்று முனகிக்கொண்டிருந்தவன் வேலாயுதம். அவள் குரல் உடைந்ததும் அவனுக்கு என்ன ஆயிற்றோ, ரங்கராசுவின் பக்கம் திரும்பிச் சிலிர்த்துக்கொண்டு நின்றான்.

"என் பொண்டாட்டி சாயறதுக்கு இந்தக் காட்டுல ஒரு இடம் இல்லையா? இருக்கிறதை எல்லாம் எடுத்துப் போடுய்யா!"

"சார், எல்லாத்தையும் காட்டிட்டேன் சார்..."

"அது என்ன?"

மூலையில், இருட்டில், ஒரு பிரம்பு ஊஞ்சல் தொங்கிக்கொண்டிருந்தது. மெத்தை கிடையாது. பின்னல் அகல அகலமாக, கையை விட்டால் கை போகும் அளவுக்கு ஓட்டைகள்.

"அது ஓட்டைப் பீஸு சார். பின்னிக்கிட்டு இருந்தவங்க பாதியில சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க. அதைப் போய்..."

பஞ்சு அதற்குள் பின்பக்கமாக நகர்ந்துவிட்டாள். ஒரு முள் ஓர் ஓட்டையில் நுழைந்தது. பக்கத்து முள் பக்கத்து ஓட்டையில் நுழைந்தது. பிறகு எல்லா முள்ளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தம் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு வெளியே நீட்டின. பிரம்பு அவள் தோலைத் தொட்டது. தோளில், நடுவில், வலித்துக்கொண்டிருந்த இடுப்பில் என்று எல்லா இடத்திலும் தொட்டது. பஞ்சு மூச்சை விட்டாள். ஊஞ்சல் லேசாக ஆடியது.

"ஏங்க," என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. "எனக்கு முதுகு இருக்குங்க."

வேலாயுதம் வேறெங்கோ பார்த்தான். ரங்கராசுவுக்கு அந்த நிமிஷம் என்ன நிறத்துக்கு மாறுவது என்று தெரியவில்லை. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். சட்டென்று தெளிந்து, "இது காத்தோட்ட மாடல் சார். ரொம்ப விசேஷம்," என்றான்.

மாட்டிக் கொடுக்க இரண்டு குரங்குகள் வரவேண்டும். "வழியிலதான் இருக்கோம்" என்று அவை குரல் கொடுத்தன. தூங்கிக்கொண்டிருந்த மரத்திலிருந்தே கொடுத்தன. எப்படியோ வந்து, நாவல் மரத்தின் தடித்த கிளையில் கொக்கி போட்டு, கால் தரையைத் தொடுகிற உயரத்தில் ஊஞ்சலைத் தொங்கவிட்டன. அன்று பஞ்சு தூங்கிய தூக்கத்தில் குறட்டை ஓடை தாண்டிக் கேட்டது.

சந்தோஷம் இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் குணவதி பார்க்க வந்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குக்கா. மெத்தை போட வசதிப்படலையா?"

பஞ்சுவுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் முள்ளம்பன்றிக்கு முள் எழுந்து நிற்கும். ஓட்டைகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் நாலா பக்கமும் விரிந்து பிரம்பைக் கவ்வின. விருந்தாளியை வழியனுப்ப எழுந்தாள். எழ முடியவில்லை. இன்னொரு தரம் எம்பினாள். ஊஞ்சல்தான் எம்பியது.

வேலாயுதம் ஓடிவந்து முன்னங்காலைப் பிடித்து இழுத்தான்.

"பஞ்சு, கோபத்தை விடு. அமைதியா இரு."

"நான் அமைதியாத்தான் இருக்கேன்!"

"இல்ல புள்ள, முள்ளு நிக்குது பாரு. அமைதியா இருன்னா..."

"என்னை அமைதியா இருன்னு சொல்லாதீங்க!"

முள் இன்னும் விறைத்தது. குணவதி, தான் வந்த காரியம் முடிந்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

கோபம் தானாக வடியவில்லை; பஞ்சு ஊஞ்சலிலேயே கிடந்தாள். வேலாயுதம் போய் ஆமை அமிர்தலிங்கத்தை அழைத்து வந்தான். அமிர்தலிங்கம் ஓடைக்கரையில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்.

"கோபம் வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமாம்மா?"

"என்ன செய்வீங்கய்யா?"

"உள்ள போயிடுவேன்." போய்க் காட்டினார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மூச்சை இழு. நிறுத்து. விடு. உனக்குப் பிடிச்சதை நினைச்சுக்கோ."

பஞ்சு வள்ளிக்கிழங்கை நினைத்தாள். முள் ஒவ்வொன்றாகப் படுத்தது. சிரமமில்லாமல் எழுந்து வந்தாள். கோபம் கட்டிப்போடும், அமைதி விடுவிக்கும் என்று எல்லாருக்கும் விளங்கியது. கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் காட்டில் சிறுத்தையும் உண்டே.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். வேலாயுதம் கிழங்கு தோண்டப் போயிருந்தான். அமிர்தலிங்கம் பயிற்சி கொடுக்க வந்து, நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பஞ்சு ஊஞ்சலில் சாய்ந்திருந்தாள். மரத்தின் உச்சியில் குரங்குகள் கீச்சென்று கத்தின. குணவதி ஒரே தாவலில் புதருக்குள் மறைந்தாள். ஓடைப் பக்கமிருந்து சிறுத்தை, அவசரமே இல்லாமல், நடந்து வந்தது.

பயத்திலும் முள் நிற்கும். பஞ்சுவின் முள் விறைத்து ஊஞ்சலைக் கவ்வியது. வளை நாலு எட்டில்தான் இருந்தது. ஆனால் எழ முடியவில்லை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதம்மா!" என்று ஓட்டுக்குள்ளிருந்து அமிர்தலிங்கம் கத்தினார். "மூச்சை இழு! நிறுத்து! விடு! அமைதியானா எழுந்து ஓடிடலாம்!"

பஞ்சு நல்ல மாணவி. மூச்சை இழுத்தாள். கிழங்கை நினைத்தாள். ஒவ்வொரு முள்ளாகப் படுத்தது. அவள் எதிரே, முள்ளுக்கு அஞ்சித் தள்ளியே நின்றிருந்த சிறுத்தை, முள் படுக்கப் படுக்க ஓர் அடி, இன்னோர் அடி என்று கிட்டே வந்தது. முழுசாக அமைதியாகிக் கண்ணைத் திறந்தபோது, எழுந்து ஓட அவளால் முடியும். ஆனால் அவளுக்கும் வளைக்கும் இடையில் சிறுத்தையின் மீசை இருந்தது.

"அப்படித்தான்! ரொம்ப அருமை!" என்றார் எதையும் பார்க்காத அமிர்தலிங்கம்.

சிறுத்தை நாக்கைச் சுழற்றிக்கொண்டது. "ஐயா சொல்றதைக் கேளும்மா," என்றது குழைவாக. "அமைதியா இரு."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டில் புருஷன் சொல்கிறான், அமைதியா இரு. ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு வாத்தியார் சொல்கிறார், அமைதியா இரு. இப்போது தின்ன வந்தவனும் அதையே சொல்கிறான். பஞ்சுவுக்கு உச்சந்தலை கொதித்தது. "யாரைப் பார்த்துடா அமைதியா இருங்கிறே!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாவல் பழங்கள் உதிர்ந்தன. வம்சத்திலேயே யாருக்கும் அப்படி முள் நின்றிருக்காது. ஊஞ்சல் தெரியவில்லை. கிளையிலிருந்து முள்ளாலான பெரிய உருண்டை ஒன்று தொங்கியது. அதன் நடுவிலிருந்து வசவு வந்துகொண்டிருந்தது.

சிறுத்தை திடுக்கிட்டு, கையால் அதை ஒரு தட்டுத் தட்டியது. கைக்கு முள் ஏறியது. ஊஞ்சலோ பின்னால் போனது. போனது திரும்பி வராமல் இருக்குமா? குரங்குகள் கொக்கியை நல்லபடியாகவே போட்டிருந்தன. பஞ்சுவும் தரையைத் தொட்ட காலால் ஓர் உந்து உந்தினாள். ஊஞ்சல் முழு வேகத்தில், முள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வந்து, சிறுத்தையின் மூக்கில் இறங்கியது. அது ஊளையிட்டுக்கொண்டு ஓடியது. எந்தத் திசை என்று அதற்கே தெரியாது.

கிழங்கோடு வந்த வேலாயுதம் சிறுத்தையின் கால் தடத்தையும் தரையில் கிடந்த முள்ளையும் பார்த்து நடுங்கிப்போனான்.

"பஞ்சு! உனக்கு ஒண்ணும் ஆகலையே? எழுந்து உள்ள வா புள்ள."

"எனக்கு இன்னும் கோபம் தீரல," என்றாள் பஞ்சு. "கிழங்கை ஊட்டி விடுங்க."

ஊட்டி விட்டான்.

சில நாளில் அந்த ஊஞ்சலிலேயே பிரசவம் ஆயிற்று. தாயும் பிள்ளைகளும் சுகம். அமிர்தலிங்கம் மூச்சு வகுப்பை மூடிவிட்டுக் கோபப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். நல்ல கூட்டம். ரங்கராசுவின் கடையில் எல்லாரும் ஓட்டைப் பீஸையே கேட்டார்கள். 'சிறுத்தை தாங்கும் மாடல்' என்று பெயர் வைத்து, நல்ல ஊஞ்சல்களிலெல்லாம் ஓட்டை போட்டு விற்றான். குணவதியும் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்று வாங்கினாள். முள் இல்லாத முயலுக்குப் பிரம்பு எங்கெங்கே அழுத்துமோ அங்கங்கே அழுத்தியது. வெளியில் சொல்லாமல் ஆடினாள்; இறங்கியதும் நொண்டினாள்.

கடையில் வாங்கியவர்கள் கருத்து எழுத ஒரு பலகை உண்டு. அதில் சிறுத்தை, வாங்காமலே, கட்டுப்போட்ட கையால் ஒற்றை நட்சத்திரம் வரைந்து எழுதிவிட்டுப் போயிருந்தது: "முதுகுக்கு எப்படியோ தெரியாது. மூக்குக்கு ஆகாது."

நீதி: பொறுத்தார் பூமி ஆள்வார், பொங்கினார் காடாள்வார். காட்டில் குடியிருப்பவர்கள் பொங்கவும். உட்கார்ந்தபடியே பொங்குவது உத்தமம்.